பெரட்டில் கடைசியாகக் கூப்பிடும் பெயர்கள்

கொஸ்லந்தவுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு நான்கு வருடத்தில் நிர்வாகம் பார்க்க ஐந்து துரைமார் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் மாலை வாங்கப் பண்டாரவளைக்குப் போனவர் அழகையா கங்காணிதான். ஐந்தாவது முறை போகச் சொன்னபோது, கோயிலில் தொங்கும் பிளாஸ்டிக் மாலை போதாதா என்று கேட்டார். நக்கலுக்குக் கேட்கவில்லை. மனிதர் அவ்வளவு களைத்துப்போயிருந்தார்.

கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அவர் கங்காணி. காலை ஏழு மணிக்குப் பெரட்டு. களத்தில் எல்லாரும் கூடி நிற்க, அவர் பெயர் கூப்பிடுவார். அப்போது இல்லாதவருக்கு அன்று வேலை இல்லை. ஆனால் குழந்தைகளை விட்டுவிட்டு வரும் பிள்ளைக் காம்பராவும் ஏழு மணிக்குத்தான் திறக்கும். அங்கிருந்து மேடேறி ஓடிவரப் பத்து நிமிடமாவது வேண்டும். அதனால் தாய்மாரின் பெயர்களைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, மற்றப் பெயர்களை இழுத்து இழுத்துக் கூப்பிடுவார். நடுவில் இருமுவார். இல்லாத சளிக்கு இருபத்தாறு வருடம் இருமியவர் அவர். எந்தச் சட்டத்திலும் இல்லாத ஏற்பாடுதான், ஆனாலும் அதனால் ஒரு நாளும் கொழுந்து குறைந்ததில்லை.

நான்காவது துரை வந்தபோது கம்பனியின் மேலிடமும் மாறியிருந்தது. கொழும்பிலிருந்து நாளுக்கொரு உத்தரவு வந்தது. இனி நம்பர் வரிசைப்படிதான் பெயர் கூப்பிட வேண்டும், பிந்தி வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றார் துரை. பிள்ளைக் காம்பரா விஷயத்தை அழகையா இரண்டு தடவை எடுத்துச் சொன்னார். உன்னால் முடியாவிட்டால் வேறு கங்காணி பார்க்கிறேன் என்று பதில் வந்தது. இந்த வயதில் மறுபடியும் மண்வெட்டி பிடிக்க வேண்டுமே என்று அவர் பயந்தார். பயந்தது தப்பென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மறுநாள் அவர் ஒரு தடவைகூட இருமவில்லை.

எட்டு மாதக் குழந்தையை விட்டுவிட்டு யசோதினி மூச்சு வாங்க வந்து நின்றபோது, அவள் பெயரைத் தாண்டிப் பட்டியல் எங்கேயோ போய்விட்டது. எல்லார் முன்னிலையிலும் அழகையா அவளைத் திரும்பிப் போகச் சொன்னார். மூன்று நாள் வந்தாள், மூன்று நாளும் திரும்பினாள். நான்காம் நாள் வரவில்லை. பிறகு மற்றத் தாய்மாரும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் சொன்ன அளவுக்குப் பறித்துவிட்டுக் கூடையை இறக்கினார்கள். மலையில் பேச்சுமில்லை, சிரிப்புமில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். எங்கள் லயத்து வீடுகளில் அப்படி யாரும் சொல்லவில்லை.

இரண்டே மாதத்தில் அந்தத் துரை மொனராகலைப் பக்கம் மாற்றலாகிப் போனார். ஐந்தாமவர் தன்மையானவர். தாய்மார் ஏழரைக்கு வந்தால் போதும், போனவர்களைக் கூட்டி வா என்றார். அழகையாவுக்கு நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியது. யசோதினி வந்தால் மற்றவர்களும் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறிவிட்டார்.

அவள் பண்டாரவளையில் மஹ்ரூப் முதலாளியின் துணிக்கடையில் வேலைக்கு நின்றாள். அவரை முக்காலி போட்டு உட்காரவைத்து, பக்கத்துக் கடையிலிருந்து பிளேன்டீ வாங்கிக் கொடுத்தாள். துரை மாறியதையும், ஏழரை மணியையும், அவள் பெயர் இன்னும் புத்தகத்தில் இருப்பதையும் அவர் சொல்லி முடித்தார். மஹ்ரூப் காதில் விழாத மாதிரித் துணி அளந்துகொண்டிருந்தார்.

“அந்தத் தொரை போயிட்டாரு மாமா, சரி. என் பேர தாண்டி அடுத்த பேர கூப்பிட்டது நீங்கதானே. நாளைக்கு இன்னொரு தொரை வந்து அதே மாதிரி சொன்னா என்னா செய்வீங்க?”

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை வாட்டியது. திருப்பி அனுப்பமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வந்திருப்பாள். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“திருப்பித்தாம்மா அனுப்புவேன்.”

யசோதினி தலையாட்டிவிட்டு, கடைக்குள் வந்த ஆட்களைக் கவனிக்கப் போனாள்.