தூணுக்குப் பத்தாத கம்பி

புதுவயலில் அரிசி மில்லில் மூட்டை தூக்கினேன். இடுப்பு விழுந்தது. இடுப்பு விழுந்தவனுக்கு மில்லில் வேலை கிடையாது. அதற்கப்புறம் காவலுக்குப் போக ஆரம்பித்தேன். கல்யாண வீடு, பூட்டிக் கிடக்கிற வீடு, யார் கூப்பிட்டாலும் போவேன். உட்கார்ந்திருக்கிற வேலை. அதற்குப் படிப்பு வேண்டாம். எனக்கு நாலாவதோடு சரி.

தொண்ணூறுகள் முடியப்போகிற நேரம். காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணம். பெண் வீடு. பெண்ணுக்குக் கொடுக்கிற சாமானை எல்லாம் முதல் நாளே பரப்பி வைப்பது அவர்கள் வழக்கம். வீட்டுக்குள்ளே நடுவில் வானம் தெரிகிற கட்டு இருக்கும். வளவு என்பார்கள். அதைச் சுற்றி வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், பீங்கான், மெத்தை, மிக்சி, ஓலைப்பெட்டி என்று விளக்குமாறு வரைக்கும் அடுக்கி வைத்திருந்தார்கள். சொந்தமெல்லாம் வந்து பார்க்கும். அதற்குத்தான் என்னைக் காவல் போட்டார்கள்.

போகும்போதே கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன்.

"மூணு மணிக்கு என்னைய விட்டுறணும். மகளைப் பொண்ணு பாக்க வாராக."

"போய்ட்டு வாய்யா. டிரைவர் பயலை மாத்தி உக்கார வைக்கிறேன்."

மகளுக்கு அப்போது இருபத்து நாலு. எங்கள் பக்கம் அது அதிகம். அதற்கு முந்தின வருஷம் அறந்தாங்கிப் பக்கமிருந்து ஒரு வீட்டுக்காரர்கள் வந்தார்கள். நான் மில்லில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். விடவில்லை. அப்பன் இல்லாத வீட்டில் என்ன பேசுவது என்று எழுந்து போய்விட்டார்கள். இப்போது வருகிறவர்கள் சிங்கம்புணரிக்காரர்கள். பையன் லாரி ஓட்டுகிறான். குடிக்க மாட்டானாம். இதையும் விட்டால் வேறு வராது என்று என் சம்சாரம் சொல்லியே அனுப்பினாள்.

பத்து மணிவாக்கில் பெண்ணின் அண்ணன் ஒரு கறுப்புப் பெட்டியோடு வந்தான். சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவன். பெட்டியைத் திறந்தால் உள்ளே லேப்டாப். நான் முதல் தடவை பார்த்தது அன்றைக்குத்தான். மாப்பிள்ளை பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையாம். அவருக்காக வாங்கி வந்திருந்தான்.

அவன் அம்மா, அந்த வீட்டு ஆச்சி, அதை வாங்கி நடுவில் வெள்ளிக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது அட்டப்பொட்டி கனம்கூட இல்லையே. எவளாவது முந்தானையில சுருட்டிட்டுப் போயிட்டா?"

"அதுக்குத்தான் இது" என்று அவன் பையிலிருந்து ஒரு கம்பி வடம் எடுத்தான். இரும்புக் கம்பி முறுக்கி மேலே பிளாஸ்டிக் போட்டது. சைக்கிள் பூட்டு மாதிரி, அதைவிட மெலிசு. ஒரு முனையில் வளையம். மறு முனையில் பூட்டு. லேப்டாப் பக்கவாட்டில் அதற்கென்றே ஒரு துளை இருந்தது. வடத்தை எதிலாவது சுற்றி, பூட்டுமுனையை வளையத்தில் விட்டு எடுத்து, துளையில் சொருகிச் சாவி திருப்ப வேண்டும். வெளிநாட்டில் மேசைக் காலில் பூட்டுவார்களாம்.

இங்கே மேசை இல்லை. சாமான் எல்லாம் தரையில் பாய்மேல். பக்கத்தில் தூண்தான் இருந்தது. பர்மா தேக்கு. நான் கட்டிப் பிடித்தால் என் கையே சேராது. அவன் சுற்றிப் பார்த்தான். பாதிகூட வரவில்லை. அடுத்த தூணையும் போய்ப் பார்த்தான். எல்லாத் தூணும் ஒரே பருமன் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது போல.

"ஜன்னக் கம்பியில போடுவமா ஆத்தா?"

"மூலையில கொண்டு போயி வச்சா யாரு பாப்பா? நடுவுல இருக்கட்டும்."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். நான் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் காலைப் பார்த்தான்.

"நீங்க இங்குட்டுத்தானே உக்காந்திருப்பீக?"

"ஆமா தம்பி."

குனிந்து என் கணுக்காலில் சுற்றிவிட்டான். துளையில் சொருகிச் சாவி திருப்பினான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருக்கலாம். சுருக்கு லூசாக இருந்தது. அதை அகட்டிக் காலை உருவிக் காட்டினேன். சிரிப்பு இன்னும் பெரிதானது. இந்தத் தடவை அது அவனைப் பார்த்து.

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. உள்ளே போய் சூட்கேஸ் பூட்டு ஒன்று எடுத்து வந்தான். மறுபடி என் காலில் வடத்தை இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றி, வளையத்தையும் வடத்தையும் சேர்த்து அந்தப் பூட்டுக்குள் திணித்து அமுக்கினான். பிளாஸ்டிக் நசுங்கிப் பிடித்துக்கொண்டது. அசையவில்லை.

"இப்ப உருவுங்க."

உருவ முடியவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டு சாவியையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மதுரைக்குக் கார் ஏறிவிட்டான். ஏர்போர்ட்டில் ஆள் கூப்பிட. இரண்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவான் என்றார் கணக்கப்பிள்ளை.

பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வெள்ளியை விட்டுவிட்டு என் காலைப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் கேட்டது:

"ஆச்சி, காவக்காரரும் சீருதானா?"

"ஆமா. பொண்ணு கூடவே அனுப்பிருவோம். தூசி தட்ட ஆகும்."

சின்னப்பிள்ளைகள் வடத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தன. சாப்பாட்டு இலையை ஒருத்தன் கொண்டுவந்து என் முன்னால் போட்டான். பாய்மேல் சிந்தாமல் சாப்பிடு என்றான். ஒன்றுக்குப் போகவேண்டி வந்தது. லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போ என்றார் கணக்கப்பிள்ளை. கூட ஒரு ஆளை அனுப்பினார். அவன் கதவுக்கு வெளியே நின்றான்.

இரண்டு ஆனது. மூன்று ஆனது. பிளேன் லேட் என்று போன் வந்ததாம். மாற்று ஆளாக டிரைவர் வந்து நின்றான். மாறுவதற்கு வழியில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனான்.

கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"சின்னப் பூட்டுத்தான். ஒரு கல்லை வச்சுத் தட்டினா விட்டுரும்."

அவருக்கும் அது சரி என்றுதான் பட்டது. ஆனால் ஆச்சி காதில் விழுந்துவிட்டது.

"சீர்ச் சாமான்ல கைய வச்சு ஒடைக்கிறதா? நாளைக்குத் தாலி ஏறணும். விளங்குமா? வாயிலயும் சொல்லாதீக."

"ஆச்சி, மகளைப் பொண்ணு பாக்க வாராக. வயசு இருபத்தி நாலாச்சு. நான் இல்லைன்னா போயிருவாக."

"ஒம் மக எங்குட்டு ஓடிறப் போறா? இருபத்தி நாலு வருசம் இருந்தவ இன்னும் ஒரு நாள் இருக்க மாட்டாளா?"

அதற்கும் சிரித்தார்கள்.

வாசலில் மேளம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். எல்லோரும் முகப்புக்கு ஓடினார்கள். வளவில் நானும் சாமானும்தான். அந்த வீடுகளுக்கு ஒரு தெருவில் வாசல் என்றால் அடுத்த தெருவில் புறவாசல். லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன். வடத்தின் மிச்சத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு அடுப்படி வழியாக நடந்தேன்.

கல்லை எடுத்து நானே பூட்டைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. பூட்டு உடைந்தால் நான் திருடன். பூட்டு முழுசாக இருந்தால் காவல்காரன். அப்படித்தான் நினைத்தேன்.

அடுப்படியில் சமையலுக்கு வந்திருந்த அம்மாளிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

"ஆச்சி கேட்டா, புதுவயல்ல வீட்டுக்குப் போயிருக்கேன், சாமான் எங்கிட்ட பத்திரமா இருக்கு, ராத்திரிக்குள்ள வந்துருவேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்றது அந்த அம்மாள். பிறகு ஒரு நாள் சந்தையில் பார்த்தபோது கேட்டேன். "கேட்டாக. பாக்கலைன்னுட்டேன். எனக்கெதுக்கு வம்பு" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காய் பொறுக்கியது.

பஸ்ஸில் கண்டக்டர் என் மடியையும் காலையும் பார்த்தான்.

"என்னண்ணே, நாய்க்குட்டியா? அதுக்கும் டிக்கெட் போடவா?"

"போடு."

போடவில்லை. பஸ் முழுக்க அந்தப் பேச்சாகவே போனது. நான் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விழுந்து உடைந்தால் என்னால் ஆயுளுக்கும் அடைக்க முடியாது.

வீட்டுக்குப் போனேன். வந்துவிட்டார்கள். பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பையன், அவன் அப்பா, அம்மா. என் மச்சினன்தான் அவர்களோடு பேசிக்கொண்டிருந்தான். மகள் காபி கொடுத்துவிட்டு உள்ளே போயிருந்தாள். பையனின் அப்பா என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க சம்பந்தி. ஒங்களத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்."

சம்பந்தி என்றுதான் சொன்னார். நான் கேட்டேன். எனக்கு இடுப்பு வலியே தெரியவில்லை.

உட்கார்ந்தேன். துண்டு விலகியது. பையனின் அம்மா எட்டிப் பார்த்தது.

"அது என்ன? மாப்பிள்ளைக்குங்களா?"

"இல்லங்க. வேலை பாக்குற வீட்டுச் சாமான். கம்ப்யூட்டரு."

"காலுல ஏன் கட்டியிருக்கு?"

நடந்ததைச் சொன்னேன். பையன் சிரித்துவிட்டான். கெட்ட சிரிப்பு இல்லை. "எங்க லாரியில ஸ்டெப்னிக்குத்தான் இப்படிச் சங்கிலி போடுவோம் மாமா" என்றான். அவன் அப்பாவும் சிரித்தார். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அதுவும் சரியாகிவிடும் என்று இருந்தேன்.

அப்போது கார் வந்து நின்றது.

கணக்கப்பிள்ளை முதலில் இறங்கினார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பாயில் ஏறி வந்து என்னை அறைந்தார். நான் லேப்டாப்பை விடவில்லை. விட்டால் கீழே விழும். கையைத் தூக்கித் தடுக்கவும் முடியவில்லை. மறு கன்னத்திலும் அறைந்தார்.

"திருட்டு நாயே. சோத்தைப் போட்ட எலையில பேளுறியா?"

பெண்ணின் அண்ணன் பின்னாலேயே வந்தான். குனிந்து பார்த்தான்.

"அண்ணே, பூட்டு அப்படியேதான் இருக்கு. ஒடைக்கல."

"ஒடைக்க நேரம் கெடைக்கல. அதான்."

மச்சினன் ஏதோ சொல்ல வந்தான். டிரைவரும் இன்னொருத்தனும் அவனைச் சுவரோடு தள்ளினார்கள்.

அண்ணன்காரன் சாவி போட்டு லேப்டாப்பிலிருந்து வடத்தைக் கழற்றினான். அங்கேயே பாயில் உட்கார்ந்து அதைத் திறந்தான். ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். அதற்கு உயிர் வர நேரம் ஆனது. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பையன், அவன் அப்பா, அம்மா, கதவுக்குப் பின்னால் என் மகள். கடைசியில் ஒரு சத்தம் கொடுத்து வெளிச்சம் வந்தது.

"ஓடுது" என்றான்.

"மன்னிப்புக் கேளுடா" என்றார் கணக்கப்பிள்ளை.

கேட்டேன்.

"கால்ல விழுந்து."

இடுப்பு மடங்காது. மெதுவாக விழுந்தேன். பையனின் அப்பா காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்கள். வடம் என் காலிலேயே கிடந்தது. சூட்கேஸ் பூட்டைத் திறக்க மறந்துவிட்டார்கள். நான் எழுந்தபோது அது தரையில் இழுபட்டது. பையனின் அம்மா அதைப் பார்த்தது. எழுந்து சேலையை உதறிக்கொண்டது.

"வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லி விடுறோம்" என்றார் பையனின் அப்பா. சம்பந்தி என்று சொல்லவில்லை. காபியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் போனார். பையன் வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவன் அம்மா அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது.

மச்சினன் அம்மிக்குழவியை எடுத்துவந்து பூட்டைத் தட்டினான். ஒரே தட்டில் விட்டது.

"எல்லாம் பேசி முடிச்சுட்டேன் மச்சான்" என்றான். "நீங்க வேலையில இருக்கீக, வர முடியாதுன்னு சொன்னேன். அதுக்கென்ன, பொழப்பும் வேணும்லன்னாக. தட்டு மாத்துற நாள் வரைக்கும் குறிச்சாச்சு. நீங்க வராமயே முடிஞ்சிருச்சு."

அறந்தாங்கிக்காரர்கள் எழுந்து போனார்கள் என்றால் எல்லோரும் எழுந்து போவார்கள் என்று நான்தான் எண்ணிக்கொண்டேன்.

மகள் வெளியே வந்தாள். புதுச் சேலையில் இருந்தாள். டம்ளர்களைப் பொறுக்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒங்கள யாருப்பா வரச் சொன்னா?"

சிங்கம்புணரியிலிருந்து ஆளும் வரவில்லை, பதிலும் வரவில்லை. புதுவயல் முழுக்கச் சொன்னார்கள், லேப்டாப் திருடினவன் மகள் என்று. லேப்டாப் என்றால் என்னவென்று தெரியாதவர்களும் சொன்னார்கள். மகள் அவள் அம்மாவோடு களத்துக்கு நெல் காயப்போடப் போனாள். மூன்று வெயில் காலம் போனாள். பிறகு ஒருத்தர் கேட்டு வந்தார். பெண்டாட்டி செத்தவர். இரண்டு பிள்ளைகள். அவருக்கு வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். பெண்ணைத் தவிர வேறு எதையும் விசாரிக்கவில்லை. அதனால் முடிந்தது.

கல்யாணத்தன்றைக்கு மகள் என் காலில் விழுந்து கும்பிட்டாள். எழுந்தாள். அவர் பின்னால் போய் வேனில் ஏறினாள். அந்த இரண்டு பிள்ளைகளில் சின்னது, முன்னே பின்னே அவளைப் பார்த்தது கிடையாது, ஏறினதும் அவள் மடியில் படுத்துவிட்டது.