சாட்சியில் நான் சொல்லாமல் விட்டது

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையின்போது அறிவிப்புகள் முடிந்ததும் சாட்சி நேரம். நீலகிரியில் கட்டபெட்டுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன ஆலயம் அது. தேயிலை எஸ்டேட் ஆட்கள், பாக்டரியில் வேலை பார்ப்பவர்கள், என்னைப் போல ஓரிரண்டு வாத்தியார்கள் என்று நூறு பேர் வந்தால் அதிகம். கர்த்தர் தங்களுக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். மகளுக்கு வேலை கிடைத்தது, காட்டெருமை துரத்தியும் கொம்பு படவில்லை என்கிற அளவில்தான் பெரும்பாலும் இருக்கும்.

அன்றைக்கு நான் எழுந்தேன். என் மனைவிக்கு மார்பில் கட்டி வந்ததையும், நாங்கள் இருபத்தொரு நாள் உபவாசம் இருந்ததையும், வீட்டில் முழங்கால் போட்டு அழுததையும் சொன்னேன். இப்போது ஸ்கேனில் கட்டி இல்லை என்று முடித்தேன். பேச்சு எனக்குத் தொழில். முப்பது வருஷமாகப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசியே பிழைத்தவன். எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அத்துபடி. பெண்கள் பக்கத்தில் நிறைய பேர் அழுதார்கள்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கோயமுத்தூரில் நடந்த ஆபரேஷனையும் அதன்பிறகு போட்ட ஆறு கீமோ ஊசிகளையும் மட்டும் சொல்லவில்லை. சாட்சியில் டாக்டரை இழுத்தால் கர்த்தருக்குப் போகவேண்டிய மகிமை குறைந்துவிடும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. நானும் அதில் ஊறியவன்தான். முடியெல்லாம் கொட்டிப்போன தலையோடு என் மனைவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அது ஜனவரி மாதம், கம்பளிக் குல்லா இல்லாத தலையே ஆலயத்தில் கிடையாது. விஷயம் தெரிந்த நாலைந்து பேரும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் கேட்டாள்.

"ஏனுங்க, ஊசி போட்டத சொல்லவே இல்லீங்களே?"

"அதெல்லாம் எதுக்கு? கேக்கறவங்களுக்கு விசுவாசம் கொறஞ்சு போயிரும்."

ஆராதனை முடிந்து பத்துப் பேர் கையைக் குலுக்கியிருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

ஜூன் மாதத்தில், மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், ஒரு அம்மா எங்கள் வீட்டைத் தேடி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கீழ் கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். வீட்டுக்காரர் மசினகுடியில் ஏதோ ரிசார்ட்டில் வாட்ச்மேன், மாதத்துக்கு இரண்டு தடவை வருவாராம். ஜனவரியில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர், அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலயத்துக்கும் வந்திருக்கிறார். ஒரு பாக்கெட் பன்னை மேஜைமேல் வைத்துவிட்டு, என் மனைவியின் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எனக்கும் அதே எடத்துல கட்டிதாங்க அக்கா. டிசம்பர்லயே எஸ்டேட் டாக்டர் கோயமுத்தூருக்குச் சீட்டு எழுதிக் குடுத்தாரு. போலாம்னுதான் இருந்தேன். சார் சாட்சி சொன்னதக் கேட்டதுக்கப்பறம் போகலீங்க. உபவாசம் இருக்கறேன். கட்டி மட்டும் கொறையல. நீங்க தொட்டு ஜெபிச்சா போயிரும்னு தோணுச்சு, வந்துட்டேன்."

அந்தச் சீட்டைப் பைபிளுக்குள் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார்.

என் மனைவிதான் எழுந்தாள். குல்லாவைக் கழற்றினாள். விரல்கடை அளவு வளர்ந்த முடியைக் காட்டினாள். ஆபரேஷன், ஆறு ஊசி, வாந்தி, வாய்ப்புண் என்று ஒன்று விடாமல் சொன்னாள். "ஜெபமும் பண்ணினோம், வைத்தியமும் பாத்தோம். ரெண்டையும் கர்த்தர்தான் குடுத்தாரு" என்றாள். அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இத ஏனுங்க சார் அன்னைக்குச் சொல்லல?"

நான் அவர் கையிலிருந்த சீட்டை வாங்கி, அதில் இருந்த டிசம்பர் தேதியைப் படித்தேன்.

அந்த வாரமே நாங்கள் இருவரும் அவரைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனோம். நோய் எலும்பு வரைக்கும் போய்விட்டது என்றார் டாக்டர். டிசம்பரில் வந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்குமா என்று கேட்டேன். இருந்திருக்கலாம் என்றார். அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு எப்படி மலை ஏறி வந்தேன் என்பது நினைவில்லை.

அன்றோடு எனக்கு ஜெபம் நின்றுபோனது. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம் எங்கள் வீட்டு வழக்கம். வாயைத் திறப்பேன், 'பரலோகப் பிதாவே' என்பேன், அதோடு நிறுத்திவிடுவேன். யாரிடம் பேசுகிறேன் என்ற பயம். அவர் பெயரைச் சொல்லித்தானே ஒரு மனுஷியை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுத்தேன்? மீதி ஜெபத்தை மனைவி முடிப்பாள்.

போதகரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர். "உங்க நோக்கம் நல்லதுதானே சார். ஆண்டவர் இருதயத்தப் பாக்கறவரு" என்றார். அந்த ஆறுதல் பஸ் ஸ்டாப் வரைக்கும்கூட நிற்கவில்லை. என் இருதயத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாதா? கையைக் குலுக்கிய பத்துப் பேர் இருந்தார்கள். திரும்பிப் போய், சாட்சி நேரத்தில் என்னைப் பேச விடுங்கள் என்று கேட்டேன்.

"வேண்டாமுங்க சார். பலவீனமானவங்க விசுவாசத்துல இடறிப் போயிருவாங்க."

"ஏற்கெனவே ஒருத்தர் இடறிட்டாருங்க ஐயா. என்னாலதான்."

போதகர் அரைமனசாகச் சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொரு சாட்சிக்கும் சபையார் அல்லேலூயா சொல்வார்கள். அன்றைக்குக் கூரையில் மழை விழுகிற சத்தம் மட்டும்தான் இருந்தது. ஆராதனை முடிந்து ஆலய வாசலில் ஒருவர், "இத நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். மனசு ஆறும் என்று நினைத்துத்தான் சொன்னேன். ஆறவில்லை.

சனிக்கிழமைதோறும் நானும் மனைவியும் அந்த அம்மாவின் எஸ்டேட் லைன் வீட்டுக்குப் போவோம். கஞ்சி, மாத்திரை, வெந்நீர்ப் பை என்று எதையாவது கொண்டுபோவோம். வாரத்துக்கு வாரம் உடம்பு கரைந்துகொண்டே வந்தது. ஒருநாள்கூட அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும் எனக்கு. "வாங்க சார், உக்காருங்க" என்பார், அவ்வளவுதான்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, மனைவி அடுப்படியில் இருந்தபோது, ஜெபம் பண்ணுங்க சார் என்று கேட்டார்.

"எனக்கு ஜெபம் வர்றதில்லீங்கம்மா" என்றேன். உண்மையைச் சொல்லிவிட்டேன். பிறகு, மூன்று மாதமாக நாக்கில் வைத்திருந்ததையும் சொன்னேன். "சபைல மன்னிப்புக் கேட்டேன். உங்ககிட்டத்தான் கேக்கல. என்னை மன்னிச்சிருங்க."

அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"வாயால சொல்லிரலாமுங்க சார். ஆனா மனசு வரல. சார மன்னிக்கறதுக்கு ஒரு மனசக் குடுங்கன்னு நானும் தெனமும் ஆண்டவர்கிட்டக் கேக்கறேன். இன்னும் குடுக்கல. அதுக்குத்தான் உங்கள ஜெபம் பண்ணச் சொல்றேன். ரெண்டு பேரும் கேட்டா குடுப்பாரோ என்னமோ."

நான் அந்தச் சிமெண்டுத் தரையில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, இந்தம்மாவுக்கு அந்த மனசக் குடுங்க. வரலைன்னாலும் அவங்க மேல குத்தம் பிடிக்காதீங்க. குத்தம் என்னோடது." குரல் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அழுதுகொண்டே சொன்னேன். அந்த அம்மா ஆமென் சொன்னார். சமாதானம் வந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். இன்னொரு தடவை கூட்டியோ குறைத்தோ சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் மூன்று மாதமாகச் சுவரோடு பேசியவனுக்கு, அன்றைக்கு எதிரே யாரோ கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே ஜெபம்தான். கிளம்பும்போது நான் கேட்காமலேயே, "இன்னும் வரலீங்க சார்" என்பார். அதைச் சொல்கிறபோது முகத்தில் வருத்தம் இருக்கும். என்மேல் உள்ள கோபம் போகாததாலா, மன்னிக்க முடியாத தன்மேலேயே கோபமா என்று எனக்குப் பிடிபட்டதில்லை.

நவம்பரில் கடைசியாகப் போனபோது அவருக்குப் பேச்சு நின்றுவிட்டிருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. வழக்கம்போல ஜெபித்தேன். கேட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தார்.

அந்தக் கடைசி நாளில் மன்னிக்கிற மனசு வந்திருந்தால்கூட அவரால் எனக்குச் சொல்லியிருக்க முடியாது. நான் இன்னும் அந்த ஜெபத்தை நிறுத்தவில்லை.