எந்த மாநிலத்து டவர்?

மாமா செல்போன் வாங்கிவந்த அன்று யாருக்கும் பேசவில்லை. அதைக் கையில் ஏந்திக்கொண்டு ஊரைச் சுற்றி நடந்தார். ஆந்திராவில் பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில், எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர் எங்களுடையது. நாலு வயல் தாண்டினால் தமிழ்நாடு. போனுக்கு எல்லைக்கல்லெல்லாம் தெரியுமா? எந்த டவர் பலமாக இழுக்கிறதோ அதோடு ஒட்டிக்கொள்ளும். வீட்டு வாசலில் நின்றால் தமிழ்நாடு, ஏரி மேட்டுப் பாறையில் ஏறினால்தான் ஆந்திரா. மாமா அந்தப் பாறைக்குச் சுண்ணாம்பு அடித்து அடையாளம் வைத்தார். வாசலில் நின்று பேசுகிறவர்களை, "வூட்டாண்ட இன்னாத்துக்குப் பேசிக்கினு கீற? ரோமிங்குல காசு இஸ்துக்கும், மேட்டுக்குப் போ!" என்று விரட்டுவார். பரீட்சை ரிசல்ட், கல்யாணப் பேச்சு, சாவுச் சேதி எல்லாம் அந்தப் பாறைமேல்தான். பிற்பாடு ரோமிங் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். நாங்களும் பாறையை மறந்துபோனோம்.

போன வருஷம் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். காலையில் களி தின்றுகொண்டிருந்த மாமாவின் கையிலிருந்து உருண்டை நழுவியது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. ஊரில் இருந்த ஒரே வேன் தக்காளி ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போயிருந்தது. மாமாவின் போனை எடுத்து ஆம்புலன்சுக்குப் போட்டேன். எடுத்தவர் தமிழில் பேசினார். ஊர் பெயரைச் சொன்னதும், "அது ஆந்திராம்மா, அந்தப் பக்கத்துக்குப் போடுங்க" என்றார். ரெண்டு மாநிலத்துக்கும் ஒரே நம்பர்தானே சார் என்றேன். "உங்க போன் எங்க டவரைப் பிடிக்குதே, நாங்க என்ன பண்றது?" மறுபடி போட்டேன். வேறு குரல், அதே பதில். மூன்றாவது தடவையும் அதே பதில். அடப்பாவிகளா, ஒரு மனுஷன் இங்கே விழுந்து கிடக்கிறான், நீங்கள் டவர் பார்க்கிறீர்களே!

"மேட்டுக்கு ஓடு" என்றார் மாமா, குழறிக் குழறி. அவர் வாயிலிருந்து முழுசாக வந்த கடைசிப் பேச்சு அதுதான்.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். பாறைமேல் நின்றதும் தெலுங்கில் ஒரு பெண் மரியாதையாகப் பேசினாள். எங்கள் ஊர் அவளுடைய கம்ப்யூட்டரில் இல்லையாம். லொகேஷன் அனுப்பினேன், வழி சொன்னேன், கெஞ்சினேன். வண்டி வருவதற்குள் உச்சிவெயில் வந்துவிட்டது. சித்தூரில் டாக்டர், "கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருந்தால் பேச்சைக் காப்பாற்றியிருக்கலாமே, ஏன் இவ்வளவு லேட்?" என்று என்னைக் கேட்டார். என்னைக் கேட்டார்!

திருப்பதியில் ஒரு லாட்ஜின் வரவேற்பில் போன் எடுப்பதுதான் என் வேலை. திருமலைக்கு வருகிறவர்கள் எங்கிருந்தெல்லாமோ, எந்தெந்த பாஷையிலோ கூப்பிடுகிறார்கள். உன் டவர் எது என்று ஒருவரையும் நான் கேட்டதில்லை. இனி என் இடத்தில் மிஷினே பேசுமாம், முதலாளி சொல்கிறார். டவரே வேண்டாம், வானத்திலிருந்து நேராகப் போனுக்கு சிக்னல் வரும் காலம் வந்துவிட்டது என்று வீடியோ காட்டுகிறார்கள். வரட்டும். அங்கேயும் எவனாவது கோடு கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கோடு கிழிக்கிற புத்தி மாறாமல் கருவியை மட்டும் மாற்றி என்ன பிரயோசனம்?

ஆஸ்பத்திரியிலிருந்து மாமாவை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரம் அவருடைய போன் அடித்தது. இடது கையால் அவரே எடுத்தார். ஸ்பீக்கரில் ஒரு மிஷின் குரல், தேன் ஒழுகும் தெலுங்கு. எங்கள் ஆம்புலன்ஸ் சேவை உங்களுக்குத் திருப்தியாக இருந்ததா, ஆமாம் என்றால் 'அவுனு', இல்லை என்றால் 'காது' என்று சொல்லுங்கள் என்றது. மாமா வாயைத் திறந்தார். "பா... பா..." என்றுதான் வந்தது. மன்னிக்கவும், புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றது குரல். போனைப் பிடுங்கப் போனேன். மாமா என் கையைத் தட்டிவிட்டார். கழுத்து நரம்பு புடைக்க மறுபடி முயன்றார். மறுபடியும் மன்னிப்புக் கேட்டது. மூன்றாவது தடவை, உங்கள் கருத்துக்கு நன்றி என்று சொல்லி வைத்துவிட்டது.

மாமா போனைக் கீழே வைக்கவில்லை. அதைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்.