ஆட்டுக்குச் சொன்ன கதைகள்

"நீ படிச்ச பிள்ளைதானே, எப்பிடி அதுக்குள்ள போய் விழுந்தாய்?" என்று கேட்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அப்படிக் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர், எனக்கு இரண்டாவது பிள்ளையும் வயிற்றிலேயே கலைந்தபோது வாசலில் நின்று "கடவுள் சித்தம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டியவர்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். ஜெபக்கூடத்துப் பெண்கள் வாசலில் நிற்கவில்லை, அதுதான் என் பதில். நாலு பேர் உள்ளே வந்து, வேதப்புத்தகத்தைத் திறக்கக்கூட இல்லாமல், எண்ணெய் காணாத என் தலையை வாரிவிட்டார்கள். முற்றம் கூட்டினார்கள். பத்து நாள் முறை வைத்துச் சோறு கொண்டுவந்தார்கள். பதினோராம் நாள் நானாகத்தான் எழும்பி அவர்களோடு போனேன்.

யுத்தம் முடிந்து, கடலுக்குப் போக நேவியிடம் பாஸ் எடுக்கிற கெடுபிடியெல்லாம் தளர்ந்திருந்த காலம் அது. எங்கள் ஊர் நுரைச்சோலைக்கும் கற்பிட்டிக்கும் நடுவில், கடலை ஒட்டி. தென்னந்தோட்டத்துக்குள் தகரம் போட்ட ஒரு நீளக் கொட்டில்தான் ஜெபக்கூடம். போதகர் வெளியூர்க்காரர். மெலிந்த குரல், ஒருநாளும் அதட்டிப் பேசியதில்லை. அவருடைய மனைவியைப் போதகரம்மா என்போம். பெண்களின் காரியமெல்லாம் அவர் கையில்.

என் கணவர் எனக்காகத்தான் வந்தார். மாதா கோயில் திருநாளுக்கு வள்ளம் சோடித்தே வளர்ந்த வீட்டுப் பிள்ளை அவர். "நீ பழையபடி சிரிக்கிறாய் எண்டா நான் எங்க வேணுமெண்டாலும் வாறன்" என்றார். வந்து பின்வரிசையில் இருந்து நித்திரை கொள்வார். நான் அப்படியில்லை, முன்வரிசை. நகையைக் கழற்றினேன். வீட்டிலிருந்த மாதா சுரூபங்களைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் போதகரிடம் கொடுத்தேன். மாதா கோயிலில் நடக்கிறது என்பதற்காக என் சொந்தத் தங்கச்சியின் கலியாணத்துக்குப் போகவில்லை. அழுதுகொண்டு செய்தேன் என்று சொன்னால் அது பொய். மனது லேசாக இருந்தது, எல்லாவற்றையும் சந்தோஷமாகத்தான் செய்தேன்.

சனிக்கிழமை பின்னேரங்களில் ஒவ்வொருவராக எழும்பித் தன் குற்றத்தைச் சொல்ல வேண்டும். மற்றவரிடம் கண்ட குற்றத்தையும் சொல்லலாம். அதற்கு "அன்பில் சொல்வது" என்று பெயர். ஒரு சனிக்கிழமை, என் கணவரோடு ஒரே வள்ளத்தில் போகிற ஒருவர் எழும்பி அன்பில் சொன்னார். நடுக்கடலில் என்ஜின் நின்று, அலை வள்ளத்தைத் தூக்கிப் போட்டபோது இந்தச் சகோதரர் "மாதாவே, காப்பாத்தும்" என்று கூப்பிட்டாராம். என் கணவர் அரைத் தூக்கத்திலிருந்து எழும்பினார். "ஓம், கூப்பிட்டன். நீங்களும்தான் கூப்பிட்டீங்க அண்ணே, எனக்குக் கேட்டுது" என்றார். கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, சீலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டேன். அந்த மனிதரும் பிறகு கூடத்தை விட்டு வெளியே வந்துவிட்டார். இப்போது முந்தல் ஊரில் இறால் பண்ணையொன்றில் வேலை. காணும்போதெல்லாம் "ஓம் தங்கச்சி, நானும்தான் கூப்பிட்டன்" என்று தலையைச் சொறிவார்.

அன்றைக்குப் போதகர் கேட்டது பெரிய காரியமில்லை. "கூப்பிட்டதுக்கு வந்தது பேய்தான் எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லிவிடுங்க, சகோதரர். அதோட முடிஞ்சுது."

"உசிரோட வந்து நிக்கிறன் ஐயா. பேய் எதுக்கு என்னைக் காப்பாத்தி வீட்ட அனுப்புது? அப்பிடிச் சொல்ல ஏலாது" என்றார் இவர்.

அதனால் அவரை ஒதுக்கத்தில் வைத்தார்கள். அந்த வார்த்தையைச் சொல்லும்வரை கூடத்து ஆட்கள் யாரும் அவரோடு கதைக்கக்கூடாது. ஒரே பாத்திரத்தில் சாப்பிடக்கூடாது, ஒரே பாயில் படுக்கக்கூடாது. மனைவிதான் முதலில் இதைக் கைக்கொள்ள வேண்டும் என்று போதகர் என்னைப் பார்த்துச் சொன்னார். நான் ஆமென் என்றேன்.

இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று இவர் நினைத்தார். நான் கல்லுமாதிரி இருந்தேன். தனிச் சோற்றுக் கோப்பை, தனிப் பாய். கடலால் வந்து, வலை எங்கே கிழிந்தது, முதலாளி யாரை ஏசினார், நுரைச்சோலையில் யாருடைய வெங்காயம் மழையில் அழுகியது என்று ஒன்று விடாமல் சொல்வார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "கதைக்காத எண்டுதானே சொன்னவங்க, கேக்காத எண்டு சொல்லேல்லயே" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். வாயாடி மனிதர். அவருடைய கதையைக் கேட்டுப் பதில் சொல்லாமல் இருப்பதைப்போல வேதனை எனக்கு வேறில்லை.

எங்களிடம் ஒரு கறுப்பு ஆடு நின்றது. முருங்கை மரத்தில் கட்டியிருப்போம். ஒருநாள் காலை வானம் இருட்டிக்கொண்டு வர, இவர் மழைக் கோட்டை ஆணியிலேயே விட்டுவிட்டுப் படலைத் திறந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் ஆட்டின் முன்னால் நின்றேன்.

"ஆடே, மழை வரப்போகுது. சில பேர் கோட்டை மறந்துட்டுப் போறாங்க."

இவர் நின்றார். திரும்பி வந்து கோட்டை எடுத்தார். போகிற வழியில் ஆட்டின் முதுகில் தட்டி, "சொன்னதுக்குப் பெரிய உபகாரம்" என்றார்.

அன்றிலிருந்து அந்த ஆடுதான் எங்கள் தபால்காரன். "ஆடே, உப்பு முடிஞ்சுது." "ஆடே, சில பேருக்குக் காய்ச்சல் போலக் கிடக்கு, கொத்தமல்லி அவிச்சு மூடி வச்சிருக்கு." இவர் சும்மா இருப்பாரா? "ஆடே, உன்ர அக்கா இண்டைக்கு நல்ல வடிவா இருக்கிறா, அவவிட்டச் சொல்லு" என்பார். நான் வெட்கத்தில் ஆட்டுக்குப் பின்னால் குனிந்து குழை பொறுக்குவேன். கலியாணம் கட்டிய புதிதில்கூட நாங்கள் அப்படிக் கொஞ்சியதில்லை. கட்டளையையும் மீறவில்லை, மனுசனையும் விடவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

அந்த நாட்களில்தான் எனக்குப் பிள்ளை தங்கியிருப்பது தெரிந்தது, ஒதுக்கத்துக்கு முன்னால் உண்டான பிள்ளை. முதல் இரண்டு தடவையும் இரண்டாம் மாதமே ஊரெல்லாம் சொல்லி, பிறகு ஒவ்வொரு வாசலிலும் இல்லை என்று சொல்லித் திரிந்தவள் நான். இந்தமுறை மூன்று மாதம் முடியட்டும், இவரிடம் சொல்ல ஒரு வழி பார்ப்போம் என்றிருந்தேன். ஆனால் போதகரம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே பெண்களுக்கு ரகசியம் என்று ஒன்று கிடையாது. அவர் என் வயிற்றில் கை வைத்தார். மற்றப் பெண்களும் சுற்றி நின்று கை வைத்து ஜெபித்தார்கள்.

"இது கீழ்ப்படிவுக்குக் கிடைச்ச பிள்ளை. நீ வாயைக் காத்துக்கொண்டா இது நிக்கும். புருசனோட கதைச்சியோ, பிறகு என்னைக் கேக்காத" என்றார் போதகரம்மா. கிளினிக்குக்குப் போகட்டுமா என்று கேட்டேன். இப்போது என்ன அவசரம் என்றார்.

கூடத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். பெற்ற தகப்பனுக்கு மட்டும் தெரியாது. எத்தனையோ தரம் ஆட்டின் முன்னால் போய் நின்று, "ஆடே" என்று தொடங்கி, "தண்ணியைக் குடி" என்று முடித்திருக்கிறேன்.

எனக்கு என்மேல் கோபம் வருகிறது என்றால் அடுத்த காரியத்துக்காகத்தான். என்னை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. நானே ஒரு சனிக்கிழமை எழும்பி, ஆட்டோடு கதைக்கிறதைச் சொன்னேன். வயிற்றுப் பிள்ளையை நினைத்துப் பயம். கடவுளை ஏமாற்றுகிறேனோ என்று பயம். போதகர் சிரிப்பார் என்றுகூட ஒரு மூலையில் நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அதே மெல்லிய குரலில், "அந்த ஆட்டை அனுப்பிவிடுங்க, சகோதரி" என்றார். பாருங்கள், வளர்ந்த மனிதர்கள் நிறைந்த ஒரு கூடத்தில் ஓர் ஆட்டுக்குத் தீர்ப்புச் சொல்கிறார்கள். நாங்கள் எல்லோரும் ஆமென் என்கிறோம்.

வீட்டுக்கு வந்து, "ஆடே, நீ இனி இஞ்ச நிக்க ஏலாதாம்" என்றேன். இவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. மறுநாள் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போய் நுரைச்சோலையில் தனக்குத் தெரிந்த ஒரு முஸ்லிம் நானாவின் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். "அறுக்க மாட்டன் எண்டு நானா வாக்குத் தந்தவர்" என்று முருங்கை மரத்தைப் பார்த்துச் சொன்னார். மூன்று மாதம் முடிய இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது.

அதற்குப் பிறகு அவரும் கதைப்பதை நிறுத்திவிட்டார். கடலால் வருவார், குளிப்பார், தன் கோப்பையில் போட்டுச் சாப்பிடுவார், கழுவிக் கவிழ்ப்பார். ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், அப்படியே போனது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்குக் காலையிலேயே இடுப்பும் நாரியும் உளைந்தது. கூடத்துக்குப் போகவில்லை. பத்து மணிபோல இரத்தம் படத் தொடங்கியது. இரண்டு தடவை பட்டவளுக்கு அது என்னவென்று தெரியாதா? சுவர்ப்பக்கம் திரும்பிப் பாயில் படுத்துக்கொண்டேன். ஞாயிறு என்பதால் இவர் கடலுக்குப் போகவில்லை. வந்து தலைமாட்டில் குந்தினார்.

"என்ன செய்யுது உனக்கு?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பிள்ளை போய்விடும் என்று முழுமனதாக நம்பினேன்.

"தலையிடியா? காய்ச்சலா? சொன்னாத்தானே தெரியும். ஆரையும் கூட்டிக்கொண்டு வரவா?"

எனக்குக் கண்ணீர்தான் வந்தது. அவர் பிறகு எழும்பிப் போய் அலுமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். திருநாளுக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் தொட்டுத் தலையைச் சீப்பால் இழுத்தார்.

"நான் கூடத்துக்குப் போய்ச் சொல்லிட்டு வாறன். பேய்தான் எண்டு சொல்லுறன், போதுமா? நீ அழாத. அதுக்குப் பிறகு உனக்கு என்ன செய்யுது எண்டு நீ எனக்குச் சொல்லலாம்தானே."

மீனின் நிறையில் பொய் சொல்வார், வயதில் பொய் சொல்வார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாலு மாதமாக அசையாமல் நின்ற மனிதர். அத்தனை பேருக்கு முன்னால் ஏறி நின்று, தன்னைக் காப்பாற்றிய தாயைப் பேய் என்று சொல்லப் போகிறார். எதற்கு? எனக்கு எங்கே நோகிறது என்று தெரிந்துகொள்வதற்கு. சேட்டில் பொத்தானை ஒன்று மாற்றிப் பூட்டியிருந்தார். அதைக் கண்டதும் என்னால் தாங்க முடியவில்லை.

"இஞ்சேருங்கோ, போகாதீங்க" என்றேன். "பொத்தான் பிழையாப் பூட்டியிருக்கு. எனக்குப் பிள்ளை ஒண்டு இருக்கு. இரத்தம் போகுது."

அவர் திரும்பி வந்தார். "எத்தினை மாசம்?"

"நாலரை."

அப்படியே வீதிக்கு ஓடினார். புத்தளம் ஆசுபத்திரிக்குத் திரீவீலில் ஒரு மணித்தியாலம். வழியெல்லாம் நான்தான் கதைத்தேன். இவருடைய வாயை நான் கடன் வாங்கியதுபோல. எந்தக் கிழமையில் தெரிந்தது, மாங்காய்க்கு எப்படி நாக்கு ஊறியது, நாலைந்து நாளாக உள்ளே மீன்குஞ்சு புரள்வதுபோல ஒரு துடிப்பு, எல்லாம் சொன்னேன். "கூடத்தில எல்லாருக்கும் தெரியும், உங்களுக்கு மட்டும் சொல்லேல்ல" என்பதையும் சொன்னேன். "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டு வந்தார். கை என் வயிற்றிலேயே இருந்தது. பாலாவி தாண்டியபோது குனிந்து, "புள்ள, அப்பா கதைக்கிறன். அப்பா இஞ்சதான் இருக்கிறன், என்ன?" என்றார். தில்லையடி வரும்வரை அதனோடு கதைத்துக்கொண்டே வந்தார். கடலைப் பற்றியும் சொன்னார்.

பிள்ளை தங்கவில்லை. அன்று பின்னேரமே போய்விட்டது. முன்னமே வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். வாயைத் திறந்ததால் வந்த வினை என்று போதகரம்மா ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். நாங்கள் அந்தக் கூடத்துப் படியைப் பிறகு மிதிக்கவில்லை. ஆனால் வெளியே வந்தால் உடனே எல்லாம் விட்டுப்போகும் என்று நினைக்காதீர்கள். டொக்டர் சொன்னதுதான் சரி என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், வருடக்கணக்காக, துணி காயப்போடும்போதோ பாண் வெட்டும்போதோ போதகரம்மாவின் சொல் வந்து குத்தும்.

ஒருநாள் காலைத் தேத்தண்ணி குடிக்கும்போது இவரிடம் கேட்டேவிட்டேன். "அண்டைக்கு நான் உங்களைக் கூப்பிட்டதாலதான் அது போச்சுதோ?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"விசரி," என்றார், "நீ கூப்பிடாட்டி, எனக்கு ஒரு பிள்ளை இருந்ததே எனக்குத் தெரியாமப் போயிருக்கும்."