சுத்தபோசன வெள்ளியும் நோன்புக் கஞ்சியும்

ஊறவைத்த தோலின் வாடையும் சுண்ணாம்பு நெடியும் பாவாடை மடிப்பில் ஏறியிருக்க, அதைச் சுமந்துகொண்டேதான் எங்கள் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவோம். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் "தோல் ஷாப்" இருந்த தெருக்களுக்கெல்லாம் அதுதான் அத்தர். அந்த வாடைக்கு ஒருநாளும் மூக்கைப் பொத்தாத இடம், நாங்கள் "சிஸ்டர் ஸ்கூல்" என்று சொன்ன கன்னியர் பள்ளிதான். பெண்பிள்ளைகளை வாசல் தாண்டவிட ஊரே யோசித்த காலத்தில், வீடுவீடாகப் போய்க் கெஞ்சிக் கூட்டிவந்த சில பிள்ளைகளோடு ஓர் ஓட்டுக் கூடத்தில் தொடங்கியதாம். நான் சேர்ந்தபோது மரத்தடியிலும் வகுப்பு நடக்குமளவுக்குக் கூட்டம். ஆனாலும் வீடுதேடிப் போகும் பழக்கத்தைச் சிஸ்டர்கள் விடவில்லை.

எங்கள் வீட்டிலோ எட்டாவதோடு பெண்பிள்ளைகளை நிறுத்திவிடுவது வழக்கம். "பொம்பளப் புள்ளைக்கு இம்புட்டுப் படிச்சது போதாதா" என்று பெரியத்தா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அண்ணன் பேச்சைத் தட்டாத என் அத்தாவும் தலையாட்டினார். எனக்கு உலகமே இருண்டுவிட்டது. சாகும்வரை அடுப்பூதத்தான் பிறந்தேனா என்று முக்காட்டுக்குள் குமுறி அழுதேன்.

விஷயம் தெரிந்து தலைமையாசிரியை, எங்கள் பெரிய சிஸ்டர், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெயில் தாழுமுன்னே நடந்தே வந்துவிட்டார். ரமலான் மாதம். பத்தாவது வரையாவது படிக்கட்டும் என்று அவர் கேட்க, அத்தா பிடிகொடுக்காமல் மழுப்பிக்கொண்டிருந்தார். அதற்குள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லிவிட்டார்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் வந்தவரைச் சும்மா விடலாமா? கைமா போட்ட நோன்புக் கஞ்சியை அம்மா ஆசையாக ஒரு கோப்பையில் ஊற்றிவைத்தார். சிஸ்டர் அதைப் பார்த்தார். மெல்ல நகர்த்திவைத்துவிட்டு, தண்ணீர் மட்டும் போதும் என்றார்.

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. பெரியத்தா விடுவாரா?

"நம்ம வீட்டுக் கஞ்சி ஆகாது, நம்ம வீட்டுப் புள்ள மட்டும் வேணுமாக்கும்."

சிஸ்டர் தலைகுனிந்தார். தொலைந்தது என் படிப்பு என்று நினைத்தேன். ஆண்கள் பேசும் இடத்தில் வாய்திறக்காதவள், அன்றைக்குக் கதவுக்குப் பின்னாலிருந்து சொல்லிவிட்டேன்:

"அத்தா, இது அவுகளுக்குத் தவக்காலம். வெள்ளிக்கிழம சுத்தபோசனம், கறி தொடமாட்டாக."

அப்புறம்தான் சிஸ்டர் வாயைத் திறந்தார். அன்றைக்கு அவருக்கு "ஒருசந்தி"யும்கூட. ஒரே வேளைச் சாப்பாடு, அதையும் இன்னும் சாப்பிடவில்லை. இந்த வீட்டில் எல்லாரும் பட்டினி கிடக்கையில் தன் பட்டினியைப் பெரிதாகச் சொல்லக் கூச்சமாக இருந்ததாம்.

அம்மா எழுந்து அடுப்படிக்கு ஓடினார், கறி சேராமல் வெறுங்கஞ்சி வைக்க. அத்தா தன் தட்டிலிருந்த பேரீச்சம்பழத்தை சிஸ்டர் பக்கம் நகர்த்தினார்.

"நோன்போடயா இம்புட்டுத் தூரம் நடந்து வந்தீக? நோன்பாளி கேட்டத இந்த நேரத்துல இல்லைங்கக் கூடாது. புள்ள வரும், சிஸ்டர்."

பெரியத்தா மறுவருசம் தன் மகளைத் தானே கூட்டிப்போய் ஒன்பதாவதில் சேர்த்தார்.

தோல் ஷாப்புகள் ஊருக்குள் இப்போது அநேகமாக இல்லை. ஓட்டுக் கூடம் இருந்த இடத்தில் மாடிக் கட்டடம். வராத பிள்ளையின் வீட்டுக்கு சிஸ்டர் வருவதில்லை, போனுக்குச் செய்தி வருகிறது. பெரிய சிஸ்டரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச்சேர்ந்துவிட்டார். கல்லூரியில் படிக்கும் என் மகளிடம் போனவாரம் இதையெல்லாம் சொன்னேன். எட்டாவதோடு பிள்ளைகளை நிறுத்துகிற வழக்கம் நம் வீட்டில் இருந்ததா, சும்மா கதை விடாதீங்க என்று சிரிக்கிறாள். எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. நம்பவே வேண்டாம், அவள் அப்படியே இருக்கட்டும்.