லோர்னா எழுதிய சைபர்

லோர்னா பெக்கலாவின் கார் டிக்கியில் எப்போதும் ஒரு துடைப்பமும் ஒரு மூட்டை உப்பும் நாலு ஜோடி உலர்ந்த காலுறைகளும் இருக்கும். எங்கள் ஊரான ஹான்காக்கில் வீடு பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் வாசற்படியிலேயே மனம் மாறிவிடுவார்கள். ஊரே கால்வாயைப் பார்த்துச் சரிந்து கிடக்கிறது. வாசலுக்கு ஏறப் பத்துப் படி என்றால், உள்ளே படுக்கையறைக்கு இன்னும் பன்னிரண்டு. லோர்னா முதலில் இறங்கிப் போய்ப் பனியைத் தள்ளி, உப்புத் தூவிவிட்டுத்தான் காரிலிருந்து ஆளை இறக்குவாள்.

வாங்குகிறவர்கள் பக்கம் நிற்கிற ஏஜெண்ட் அவள். ஆனால் லேசில் யாரையும் வாங்க விடமாட்டாள். நிலவறைச் சுவரை ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது வேணாம், பனி உருகினா இங்க மீன் பிடிக்கலாம்" என்பாள். இவள் பிழைக்க வந்தவளா, பிழைப்பைக் கெடுக்க வந்தவளா என்று எங்கள் முதலாளி என்னிடம் புலம்புவார். நான் அந்த ஆபீசில் காகிதங்களைச் சரிபார்த்துக் கோப்பில் போடுகிறவள். இருபத்தாறு வருடத்தில் லோர்னாவின் கோப்புகள்தான் எல்லோருடையதையும்விட மெலிந்தவை. வாங்குகிறவர்களிடம் அவள் எந்தக் கையெழுத்தும் வாங்கியதில்லை. கை குலுக்குவாள், அவ்வளவுதான். வீடு கைமாறும் நாளில் விற்கிறவர் கொடுக்கும் கமிஷனில் இவள் பங்கு வந்து சேர்ந்துவிடும்.

பிறகு புது விதி வந்தது. எந்த வீட்டுக் கதவையும் திறந்து காட்டுவதற்கு முன், வாங்குகிறவரும் ஏஜெண்டும் ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும். ஏஜெண்டுக்குக் கூலி எவ்வளவு என்று அதில் எழுத வேண்டும். எழுதியதற்கு மேல் யார் கொடுத்தாலும், எந்தக் கையிலிருந்து வந்தாலும், ஏஜெண்ட் வாங்கக்கூடாது. இதற்காக ஆபீசில் ஒரு வகுப்பு வைத்தார்கள். லோர்னா கடைசி வரிசையில் உட்கார்ந்து பேரனுக்குத் தொப்பி பின்னிக்கொண்டிருந்தாள். முதல் பாதி காதில் விழுந்திருக்கிறது. கடைசி வரி விழவில்லை.

அந்த ஜனவரியில் ஆர்லீனின் கணவர் வெர்னுக்குப் பக்கவாதம் வந்தது. ஆர்லீனும் லோர்னாவும் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதிகள். முப்பது வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் ஆர்லீன் வீட்டு சவுனாவில், அந்த நீராவி அறையில், சேர்ந்து உட்கார்ந்து வியர்த்து, ஊர்க்கதை பேசி முடித்துவிட்டு, இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டியைச் சுடச்சுடச் சாப்பிடுவார்கள். இப்போது வெர்னுக்குப் படியே இல்லாத வீடு வேண்டும். இந்த ஊரில் அது குதிரைக்கொம்பு. லோர்னா ஆறு வாரம் அலைந்தாள். கடைசியில் ஊர் மேட்டின் உச்சியில், பழைய சுரங்க ஆபீசுக்குப் பின்னால், ஒற்றைத் தளத்தில் ஒரு வீடு கிடைத்தது.

அதன் வாசலில்தான் அந்த ஒப்பந்தம் எழுதப்பட்டது. கார் பானெட்டின் மேல், காற்றில் தாள் பறக்க, கையுறையைக் கழற்றாமலே எழுதியிருக்கிறாள். கூலி என்ற இடத்தில் பேனா நின்றிருக்கிறது. இது வாங்குகிறவர் தன் கையிலிருந்து கொடுப்பது என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆர்லீனிடமா காசு வாங்குவது? விற்கிறவர்தான் எப்போதும்போலக் கொடுக்கப் போகிறாரே. சைபர் என்று எழுதிவிட்டாள்.

வீட்டுக்கு விலை படிந்தது. விற்கிறவரும் லோர்னாவின் பங்கைத் தருவதாக எழுதிக் கொடுத்தார். பத்திரம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போதுதான் அந்தத் தாள் என் மேஜைக்கு வந்தது. நான் அவளைக் கூப்பிட்டு விரலை வைத்துக் காட்டினேன். அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"விற்கிறவர் தரேன்னு சொன்னாலுமா?"

"அவர் தந்தாலும் நீ வாங்க முடியாது. ஆர்லீன் இன்னொரு தாள்ல கையெழுத்துப் போட்டா சரியாயிடும். பத்திரத்துக்கு முன்னாடி போடணும்."

அப்போதுதான் சொன்னாள். ரெண்டு வருடமாக வியாபாரமே இல்லை. எட்டு மாதமாக அவள் வீட்டுத் தவணை நிற்கிறது. மே மாதம் மொத்தமாகக் கட்டிவிடுவதாக பேங்கில் சொல்லியிருக்கிறாள். இந்த ஒரு கமிஷனை நம்பித்தான் சொன்னது. இத்தனை நாள் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தும் எனக்கு எதுவும் தெரியவில்லை. புதுத் தாளை அடித்துக் கொடுத்தேன். இன்றைக்கே போ என்றேன்.

அங்கே நடந்ததை ஆர்லீன்தான் பிற்பாடு எனக்குச் சொன்னாள். அன்றைக்கு அவள் மகன் டெரிக், கிராண்ட் ரேப்பிட்ஸிலிருந்து வந்திருந்தான். எதையும் வரி விடாமல் படிக்கிற பிள்ளை. தாளைப் படித்துவிட்டு, "இதுல அம்மா உங்களுக்குக் கமிஷன் தரணும்னு இருக்கே. முன்னாடி சைபர்னு எழுதினது நீங்கதானே?" என்று கேட்டிருக்கிறான்.

விற்கிறவர் கொடுப்பார் என்றாள் லோர்னா.

"அவர் கொடுக்கறதுக்கு எங்க கையெழுத்து எதுக்கு ஆன்ட்டி?"

அவன் கேட்டதில் தப்பில்லை. ரெண்டு வரியில் சொல்லக்கூடிய பதில்தான். ஆனால் சிநேகிதியின் சமையலறையில் காசுக்காக நிற்கிறோம் என்று நினைத்ததுமே அவளுக்கு நா எழவில்லை. ஆர்லீன், "அவ கேக்கறாளேடா, போட்டுடறேன்" என்று பேனாவைத் தேடியிருக்கிறாள். லோர்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுடி, ஆபீஸ்ல ஏதோ ஃபார்மாலிட்டி. அவசியமில்ல" என்றாளாம். காபியைக்கூட முடிக்காமல் எழுந்தவள், தாளை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

என்னிடம் வந்து, அவங்களுக்கு இஷ்டமில்லை என்று மட்டும் சொன்னாள். நான் அதை நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது. ஆர்லீனுக்கு நான் ஒரு போன் போட்டிருக்கலாம். என் வேலை அது இல்லை என்று இருந்துவிட்டேன். அந்த ஒன்பது நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

பத்திரத்தன்று லோர்னா ரூபார்ப் பை என்கிற இனிப்புப் பண்டம் சுட்டுக்கொண்டு வந்தாள். வெர்னின் சக்கர நாற்காலியைப் புது வீட்டு வாசலுக்குள் அவளே தள்ளிக்கொண்டு போனாள். ஒரு படிகூட இல்லை. வெர்ன் வாய் கோணச் சிரித்தார். அதற்கடுத்த சனிக்கிழமை அவள் சவுனாவுக்குப் போகவில்லை. முதுகுவலி என்றாள். பிறகு சளி என்றாள். ஆர்லீன் அந்தத் தாளைப் பற்றிக் கேட்டுவிடுவாளோ, கேட்காவிட்டால் தானே அழுதுவிடுவோமோ என்ற பயம் அவளுக்கு. காசு கேட்டதால் தன் முகத்தில் விழிக்க லோர்னா கூச்சப்படுகிறாள் என்று ஆர்லீன் நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நாள் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அக்டோபரில் லோர்னா வீட்டு முற்றத்தில் எங்கள் ஆபீசின் விற்பனைப் பலகை நின்றது. பேங்க் பிடுங்குவதற்கு முன் தானே விற்றுவிட்டாள். விற்கிறவருக்கான தாளை நிரப்பும்போது, வாங்குகிறவரின் ஏஜெண்டுக்கு எவ்வளவு தருவாய் என்று கேட்டேன். அந்த ஏஜெண்டுப் பெண் தன் ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததை முழுவதும் கொடு என்றாள். புதுப் பெண், இந்தக் குளிரில் எத்தனை படி ஏறினாளோ என்றாள்.

பலகையைப் பார்த்த அன்றே ஆர்லீன் ஆபீசுக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து என் முன் நீவி வைத்தாள். ஏப்ரலில் நான் அடித்துக் கொடுத்த அதே தாள். காபி வட்டம் விழுந்திருந்தது. கீழே அவள் கையெழுத்து, அக்டோபர் தேதி.

"போட்டுட்டேன். இதை வெச்சு அவளுக்குக் கிடைக்கவேண்டியதைக் கொடுத்துடுங்க."

பத்திரத்துக்கு முன்னால் போட்டிருக்க வேண்டும் என்று சொன்னேன்.

"அப்ப போட்டிருந்தா என் கையிலேர்ந்து எவ்வளவு போயிருக்கும்?"

"ஒண்ணுமில்ல, ஆர்லீன். விற்றவர்தான் கொடுத்திருப்பார்."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நான் பேனாவைத் தேடினேன்" என்றாள். "அவதான் என் கையைப் பிடிச்சுக்கிட்டா."