புதிதாக வந்த பெடியனுக்கு நான் எழுதின வரி

சனிக்கிழமை என்றால் எனக்கு இரண்டு வேலை. ஒன்று கோயில், மற்றது இங்கிலாந்து உதைபந்து. அங்கே பின்னேரம் நடக்கிற மட்ச் மொன்றியலில் எங்களுக்குக் காலையிலும் மத்தியானத்திலும் வரும். கோயிலால் வந்து, கால் கழுவி, ரீவிக்கு முன்னால் இருந்தால் கணக்காக இருக்கும். இந்த நாட்டுக்கு வந்த காலம் தொட்டு எனக்கு ஒரே கிளப்தான். பெயரை எழுதவில்லை. எழுதினால் உங்களில் பாதிப் பேர் இந்த இடத்திலேயே மூடி வைத்துவிடுவீர்கள்.

என்னோடு இருந்து பார்க்கிறவன் எங்கள் கட்டிடத்தில் கீழ் மாடியில் இருக்கும் கூட்டாளி. மட்டக்களப்பான், கிறிஸ்தவ வேதக்காரன், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிற வேலை. அவனுக்கு வேறு கிளப். அதனால் எங்கள் வீட்டுச் சோபாவில் இருந்துகொண்டு எங்கள் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு எங்களைப் பகிடி பண்ணுவான்.

அந்த வருசம் கோடையில் எங்கள் கிளப் தென்னமெரிக்காவிலிருந்து ஒரு பெடியனைக் கொண்டு வந்தது. வெயில் ஊர்க்காரன், இருபத்திரண்டு வயது. அவன் தன் ஊரில் அடித்த கோல்களெல்லாம் போனில் வந்தன. நான் சென்ட் லோரன்டில் மருந்துப் பெட்டிகள் அடுக்கும் களஞ்சியத்தில் வேலை செய்கிறேன். சாப்பாட்டு நேரம் முழுக்க அந்தக் கோல்களைத்தான் பார்த்தேன். நாலு பேரை வெட்டிக்கொண்டு போவான், கோலியையும் ஏமாற்றுவான், பிறகு சிரிப்பான். இவன் வந்தால் எங்களுக்கு விடிவு என்று நம்பினேன். நான் மட்டுமில்லை, கிளப்பின் இணையப் பக்கத்தில் உலகத்தில் உள்ளவனெல்லாம் அப்படித்தான் எழுதியிருந்தான்.

முதல் மட்சில் அவன் மைதானத்துக்குள் இறங்கும்போது குனிந்து புல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நாங்கள் கோயில் வாசற்படியைத் தொடுவது மாதிரியே. அதோடு நான் விழுந்துவிட்டேன். மகளிடம் சொல்லி அவனுடைய பிறந்த திகதியைத் தேடுவித்து, பஞ்சாங்கத்தில் நட்சத்திரம் பார்த்து, அடுத்த வெள்ளி அவன் பேரில் அர்ச்சனை செய்யப் போனேன்.

"ஆர் இது?" என்று ஐயர் கேட்டார்.

"தெரிஞ்ச பெடியன் ஐயா. இங்கிலாந்தில நிக்கிறான்."

ஐயர் அந்தப் பெயரை மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். வாய்க்குள் வரவில்லை. கடைசியில் மணியைக் கொஞ்சம் பலமாக ஆட்டிச் சமாளித்துவிட்டார்.

ஆனால் பெடியனுக்குப் பந்து வரவில்லை. அவன் ஊரில் பந்து காலுக்கு வரும். இங்கிலாந்தில் தலைக்கு மேலால் வரும். அவன் நிறுத்தித் திரும்ப முன்னமே பின்னால் ஒரு மலை மாதிரி ஆள் வந்து முட்டி விழுத்துவான். இவன் கையை விரித்துக்கொண்டு நடுவரைப் பார்ப்பான். நடுவர் ஓடு என்று கை காட்டுவார். மழை பெய்யும். பார்க்கப் பாவமாக இருந்தது. பாவம் ஒரு மாதத்துக்குத்தான்.

"உன்ட ஆளுக்கு இன்னும் சூட்கேஸ் வந்து சேரல்ல போல, மச்சான்" என்றான் கூட்டாளி. "அவன்ட கால் அதுக்குள்ளதான் இரிக்கு."

"சும்மா இரும்."

"பகிடிக்குச் சொன்னன். ஆறு மாசம் குடு. அந்தக் குளிர், அந்தப் பாஷை, அந்தச் சாப்பாடு, எல்லாம் பழக வேணுமே."

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. "நான் வந்து மூண்டாம் நாள் வேலைக்குப் போனனான். முழங்கால் அளவு பனி. எனக்கு ஆர் ஆறு மாசம் தந்தது?" என்று கேட்டேன். அவன் தேத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுபோய்க் கழுவி வைத்தான்.

புரட்டாசி கடைசிச் சனி. கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு விரதத்தோடு வந்து பார்க்கிறேன். ஆளில்லாத கோலுக்கு முன்னால் பந்து வந்து நிற்கிறது. என் மனுசி அடித்தாலும் உள்ளே போகும். பெடியன் மேலால் அடித்தான். அடித்துவிட்டுச் சிரித்தான். வெட்கத்தில் வந்த சிரிப்பு அது. இப்போது விளங்குகிறது. அப்போது விளங்கவில்லை.

கிளப்பின் பக்கத்தில் அவன் படத்துக்குக் கீழே நான் தமிழில் எழுதினேன்: "உன்ரை காலை முறிச்சு அடுப்புக்கை வைக்கிறன்."

எழுதிவிட்டுக் கை கழுவிச் சாப்பிட்டேன். சோறும் பருப்பும் தயிரும் நன்றாகத்தான் இறங்கின.

இரண்டு கிழமை கழித்து, அதே சோபா, அதே நேரம். பெடியன் அன்றைக்கு நன்றாக விளையாடினான். வந்ததிலிருந்து முதல் தடவையாக இரண்டு பேரை வெட்டிக்கொண்டு போனான். மூன்றாவது ஆள் சறுக்கிக்கொண்டு வந்து காலோடு மோதினான். ரீவிக்காரர் அதைத் திருப்பிப் போடவில்லை. மற்ற விளையாட்டுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார்கள். கூட்டாளி சிலுவை போட்டுக்கொண்டான். "கணுக்காலுக்கு மேலால போயிற்று, மச்சான்" என்று மெதுவாகச் சொன்னான். ஆஸ்பத்திரியில் பார்த்துப் பழகினவன்.

நான் எழும்பிக் குசினிக்குள் போனேன். எங்கள் அடுப்பு கரண்ட் அடுப்பு. நெருப்புத் தெரியாது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வரி என்னுடையதில்லை. எங்கள் வீட்டில் அம்மா பேசுகிற பேச்சு. அய்யா செத்த பிறகு வீட்டுக்கு மூத்தவன் என்று அதை நான் எடுத்துக்கொண்டேன். திருகோணமலையில் ஒரு பின்னேரம், ஊர் சரியில்லை, விளையாடப் போகாதே என்று தம்பியிடம் சொன்னேன். அவன் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படலையைத் திறந்தான். "போ, போ, உன்ரை காலை முறிச்சு அடுப்புக்கை வைக்கிறன்" என்று கத்தினேன். அவன் சிரித்தான். போயிட்டு வாறன் என்று சொல்லவில்லை. அன்றைக்கு ஆமி மைதானத்தைச் சுற்றி வளைத்துப் பிடித்துக்கொண்டு போன பெடியளில் அவனும் ஒருவன். பதினேழு வயது. எந்த முகாமிலும் அவன் பெயர் இருக்கவில்லை.

ஆடி அமாவாசைக்கு அய்யாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கிறேன். தம்பிக்குக் கொடுப்பதில்லை. கொடுத்தால் அவன் இல்லை என்று நானே சொன்னது போலாகிவிடும். ஒவ்வொரு வருசமும் ஐயர் "வேற ஆரும்?" என்று கேட்பார். இல்லை என்பேன். அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு அந்த வரியை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. என் மகளை எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன், அதைச் சொன்னதில்லை. இத்தனை வருசமும் அது விரல் நுனியில் இருந்திருக்கிறது.

அழித்துவிட வேண்டும் என்று தேடத் தொடங்கினேன். அந்தப் படத்துக்குக் கீழே ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தார்கள். வேலைக்குப் போகிற பஸ்ஸிலும் சாப்பாட்டு நேரத்திலும் தள்ளித் தள்ளிப் போனேன். விளங்காத பாஷைகளில் இருந்தன. சிலதுக்குக் கீழே மொழிபெயர்ப்பு என்று இருந்தது, அமத்தினேன். திரும்பிப் போ என்று ஒருவன். உன் அம்மா வெட்கப்படுவாள் என்று ஒருவன். விமானம் விழட்டும் என்று ஒருவன். எல்லாம் கால் முறிய முன்னம் எழுதினது. நாய்க்குட்டிப் படம் போட்ட ஒருவன் சாகட்டும் என்று எழுதியிருந்தான். கால் முறிந்த பிறகு வந்த படத்துக்குக் கீழே அதே நாய்க்குட்டிக்காரன் மெழுகுதிரியும் கூப்பின கையும் போட்டிருந்தான். என்னுடையதை மட்டும் காணவில்லை. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் நான் குடும்பப் படம் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை கோயிலில் ஐயரே கேட்டார். "இங்கிலாந்துப் பெடியனுக்கோ? சுகமா இருக்கிறாரோ?"

"ஓம் ஐயா" என்றேன். முருகனுக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னேன். பெடியன் அந்த நேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

மார்கழி தொடங்கிய பிறகு பொறுக்க முடியாமல் மகளிடம் போனைக் கொடுத்தேன். நான் எழுதின ஒன்றை எடுத்துத் தா என்றேன். அவள் இரண்டு நிமிசத்தில் எடுத்தாள். நான் ஆறு கிழமை தேடினது. அவளுக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. அதனால் மொழிபெயர்ப்பை அமத்தினாள். திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது நீங்களா, அப்பா?"

"ஓம்."

"அடுப்புக்குள்ளயா? ஆர் இப்பிடிச் சொல்லுவினம்?"

"எங்கட வீட்டில சொல்லுறது."

"ஆருக்கு?"

"உன்ரை சித்தப்பாவுக்கு."

எனக்குத் தம்பி ஒருவன் இருந்தது அவளுக்குத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை.

"அந்த பிளேயர் இதுகள் ஒண்டும் பாக்கிறேல்ல அப்பா. இதுக்கெண்டு வேலைக்கு ஆக்கள் வைச்சிருப்பினம்."

"ஒராள் பாத்திருந்தாலும் போதும்."

"அழிக்கவா?"

தலையாட்டினேன். ஒருதரம் அமத்தினாள். போய்விட்டது. தலை முழுகினது போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் இருக்கவில்லை. போனைத் திருப்பித் தந்துவிட்டு அவள் மெட்ரோவுக்கு ஓடிவிட்டாள்.

பனி கரைந்து தெருவெல்லாம் சேறாக இருந்த ஒரு சனிக்கிழமை பெடியன் திரும்ப வந்தான். கடைசிப் பத்து நிமிசத்துக்கு இறக்கினார்கள். "வா மச்சான், உன்ட ஆள் வாறான்" என்று கூட்டாளி கூப்பிட்டான். கிளப் ஆக்கள் எல்லாரும் எழும்பி நின்று கைதட்டினார்கள். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காலையே பார்த்தேன். வலது காலை வைக்கும்போது ஒரு சின்னத் தயக்கம். மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது.

நாங்கள் ஒரு கோலால் பின்னுக்கு நிற்கிறோம். கடைசி நிமிசம், பந்து அவனுக்கு வந்தது. முன்னுக்கு ஒருவரும் இல்லை. அந்தக் காலால் அடிக்க வேண்டிய பந்து. அவன் அடிக்கவில்லை. மற்றக் காலுக்கு மாற்றப் பார்த்தான், அதற்குள் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். கைதட்டின சனமே ஊளையிட்டது.

அந்த வரி என் வாய்க்குள் வந்துவிட்டது. முழுசாக, ஒரு சொல் குறையாமல். கூட்டாளி என்னைத் திரும்பிப் பார்த்தான். வழக்கமாக அந்த இடத்தில் நான் கத்துவேன். நான் உதட்டை இறுக்கிக்கொண்டு இருந்தேன், பல்லோடு பல் முட்ட. விசில் ஊதி, பெடியன் நொண்டாமல் உள்ளே நடந்து போய் மறையும் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.